ஆதார சட்ஜமும் தாங்கல் கூட்டும்: தமிழிசை மேலை ஒத்திசையை எதிர்கொண்ட வரலாறு

முன்னுரை

தைப்பூச நாள்களில் தண்ணீர்மலை அடிவாரத்தில் ஒலிக்கும் இசையைக் கூர்ந்து கேட்போர், இருவேறு இசைமுறைகள் அங்கு அருகருகே நிற்பதை உணரலாம். ஜார்ஜ் டவுன், பினாங்கு வீதியிலுள்ள நகரத்தார் கோவில் வீட்டிலிருந்து வெள்ளி இரதம் புறப்படுகிறது. தமிழகத்தில் செய்யப்பெற்று 1894-ஆம் ஆண்டில் பினாங்குக்கு வந்த இரதம் அது. அதனோடு வரும் நாகசுரத்தின் பின்னணியில் சுருதி இடைவிடாது சட்ஜத்தை ஒலித்துக்கொண்டே இருக்கிறது. வழியிலுள்ள தண்ணீர்ப் பந்தல்களின் ஒலிபெருக்கிகளிலோ, திரையிசை அமைப்பைத் தழுவிய பக்திப் பாடல்கள் ஒலிக்கின்றன. அவற்றின் பின்னணியில் விசைப்பலகைக் கருவியின் சுரக்கூட்டுகள் நொடிக்கு நொடி மாறுகின்றன. முன்னது ஒரு சுரத்தின்மீது நிலைத்து நிற்கும் இசை. பின்னது கூட்டுக்குக் கூட்டு நகர்ந்து செல்லும் இசை.

இவ்விரண்டும் தமிழிசையில் எவ்வாறு சந்தித்தன என்பது பற்றி இதுவரை எழுதியோர் பெரும்பாலும் இரு நிலைப்பாடுகளில் ஒன்றையே மேற்கொண்டுள்ளனர். ஒத்திசை, அதாவது 'ஹார்மனி', இராகத்தைக் கெடுக்கும் என்பது ஒன்று. அதனை ஏற்பதே வளர்ச்சி என்பது மற்றொன்று. இக்கட்டுரையில் நாம் இவ்விரண்டையும் விடுத்து, ஒரே ஒரு சுரக்கூட்டை எடுத்துக்கொண்டு அதன் வழியாக இவ்வரலாற்றைக் காண முற்படுகிறோம். மேலை இசையியலில் 'சஸ்பென்டட் டாமினன்ட் செவன்த்' எனப்படும் கூட்டே அது. மேலை ஒத்திசையின் விசை முழுவதும் தங்கியிருக்கும் பஞ்சமக் கூட்டு, ஆதார சட்ஜத்தை விலக்காது ஒலிக்க வல்ல வடிவம் இதுவே என்பதும், தமிழிசை இவ்வடிவத்தைப் பெயரிடாமலேயே பல இடங்களில் கொண்டிருந்தது என்பதும் நம் கருத்தாகும்.

கூட்டின் அமைப்பு

முதற்கண் அக்கூட்டின் அமைப்பைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். சங்கராபரண இராகத்தின் ஏழு சுரங்களை அடிப்படையாகக் கொள்வோம். மேலை முறையில் ஒரு சுரக்கூட்டு, ஒரு சுரத்தை அடியாக நிறுத்தி, அதிலிருந்து ஒன்றுவிட்டு ஒன்றாக மேலேறிச் செல்வதால் உண்டாகிறது. சட்ஜத்தை அடியாகக் கொண்டால் ச, க, ப என்னும் கூட்டுக் கிடைக்கும். பஞ்சமத்தை அடியாகக் கொண்டு நான்கு சுரங்களை அடுக்கினால் ப, நி, ரி, ம என்பது கிடைக்கும். பின்னதே 'டாமினன்ட் செவன்த்' எனப்படும் பஞ்சம ஏழாம் கூட்டு.

இக்கூட்டின் இயல்பு அமைதியின்மை. அதற்குக் காரணம் அதனுள் அடங்கிய நிஷாதமும் மத்தியமமும் ஆகும். சுத்த மத்தியமத்துக்கும் காகலி நிஷாதத்துக்கும் இடையே ஆறு அரைச்சுரத் தொலைவு உள்ளது. அது சுரத்தானம் பன்னிரண்டில் சரிபாதி. சேர்ந்து ஒலிக்கும்போது இவ்விரண்டும் ஒன்றையொன்று தள்ளுகின்றன. நிஷாதம் அரைச்சுரம் மேலேறிச் சட்ஜத்தை அடையவும், மத்தியமம் அரைச்சுரம் கீழிறங்கிக் காந்தாரத்தை அடையவும் விழைகின்றன. அவ்விழைவு நிறைவேறும்போது ச, க, ப என்னும் அமைதிக் கூட்டுப் பிறக்கிறது. மேலை இசையில் ஒரு வாக்கியம் முடிந்தது என்னும் உணர்வை இந்த நகர்வே தருகிறது.

இனி, இக்கூட்டிலுள்ள நிஷாதத்தை நீக்கி, அதன் இடத்தில் சட்ஜத்தை வைப்போம். ப, ச, ரி, ம என்பது கிடைக்கும். பஞ்சமத்திலிருந்து எண்ணினால் நிஷாதம் மூன்றாவது, சட்ஜம் நான்காவது. மூன்றாவது இருக்கவேண்டிய இடத்தை நான்காவது தாங்கி நிற்பதால் இதனை இக்கட்டுரையில் 'தாங்கல் கூட்டு' எனக் குறிப்போம். நிஷாதம் நீங்கியவுடன், மத்தியமத்தோடு அதற்கிருந்த மோதலும் நீங்குகிறது. பஞ்சமம் அடியில் இருப்பதால் 'இன்னும் முடியவில்லை' என்னும் குறிப்பு எஞ்சி நிற்கிறது. ஆயினும் உடனே முடித்தாகவேண்டும் என்னும் நெருக்குதல் இல்லை. மேலும், இந்நான்கு சுரங்களை ம, ச, ப, ரி என வரிசை மாற்றி மேல்நோக்கி அடுக்கினால், அடுத்தடுத்த ஒவ்வோர் இணைக்கும் இடையே ச–ப உறவே அமைகிறது. இந்த உண்மை பின்னர் நமக்குப் பயன்படும்.

ஐரோப்பாவில் தாங்கலின் வரலாறு

ஐரோப்பிய இசையில் தாங்கல் முதலில் ஒரு தனிக் கூட்டாகக் கருதப்படவில்லை. பதினைந்து, பதினாறாம் நூற்றாண்டுகளின் பல்குரல் இசையில் அது ஒரு நடைமுறை ஒழுங்காகவே இருந்தது. முன் கூட்டில் இசைவாக ஒலித்த சட்ஜம், கூட்டு மாறிய பின்னரும் விடாது நீட்டப்படும். புதிய கூட்டில் அது பொருந்தாச் சுரமாகும். பின்னர் ஒரு படி கீழிறங்கி நிஷாதத்தை அடையும். முன்னேற்பாடு, தாங்கல், இறக்கம் என்னும் இம்மூன்று நிலைகளும் கட்டாயமானவை. தாங்கிய சுரம் இறங்காமல் நின்றுவிடுதல் பிழையாகக் கருதப்பட்டது.

1722-ஆம் ஆண்டில் பிரெஞ்சு இசையறிஞர் ரமோ தமது ஒத்திசை நூலை வெளியிட்டார். கூட்டுகள் யாவும் மூன்றாம் சுரங்களை அடுக்குவதால் பிறப்பன என்னும் கருத்து அந்நூலால் வேரூன்றியது. அந்நோக்கில் பார்த்தால், மூன்றாம் சுரம் இல்லாத தாங்கல் ஒரு நிறைவுறாக் கூட்டே. அந்நிலை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மாறியது. 1950-களின் இறுதியில் ஜாஸ் இசைக்கலைஞர்கள், விரைந்து மாறும் கூட்டுகளை விடுத்து, ஒரே சுரவரிசையில் நீண்ட நேரம் நிற்கும் முறையை நாடினர். மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ' (1959) அம்மாற்றத்தின் அடையாளமாகக் கூறப்படுகிறது. ஹெர்பி ஹான்காக் இயற்றிய 'மெய்டன் வாயேஜ்' (1965) முதன்மையாகத் தாங்கல் வகைக் கூட்டுகளாலேயே அமைந்தது. அங்குத் தாங்கிய சுரம் இறங்கவேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. தாங்கலே தங்குமிடமாயிற்று.

மேலை இசை, ஓரிடத்தில் நிலைத்து நிற்கும் இசையை விரும்பத் தொடங்கிய காலத்திலேயே தாங்கல் கூட்டு அங்குத் தனித் தகுதி பெற்றது என்பதை இங்கு நாம் கருத்திற் கொள்ளவேண்டும். நிலைத்து நிற்றல் தமிழிசையின் தொன்மையான இயல்பாகும்.

பழந்தமிழ் இசையில் கிளையும் நட்பும் பகையும்

சிலப்பதிகாரம் இணை, கிளை, பகை, நட்பு என நரம்புகளின் உறவை நான்காகக் குறிப்பிடுகிறது. உரைமரபின்படி, நின்ற நரம்பிலிருந்து எண்ண, ஐந்தாம் நரம்பு கிளை. நான்காம் நரம்பு நட்பு. மூன்றாம், ஆறாம் நரம்புகள் பகை. இச்சொற்களின் நுண்பொருள் பற்றியும், பழைய ஏழு நரம்புகளை இன்றைய சுரங்களோடு பொருத்துவது பற்றியும் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. குரல் சட்ஜம், துத்தம் ரிஷபம், கைக்கிளை காந்தாரம், உழை மத்தியமம், இளி பஞ்சமம், விளரி தைவதம், தாரம் நிஷாதம் என ஆபிரகாம் பண்டிதர் முதலியோர் கொண்ட பொருத்தத்தையே இங்கு நாம் பின்பற்றுகிறோம்.

இப்பொருத்தத்தின்படி, கிளை நரம்புகளாகக் கூறப்படும் குரல், இளி, துத்தம், விளரி, கைக்கிளை ஆகிய ஐந்தும் ச, ப, ரி, த, க என ஐந்தாம் சுரத் தொடராக அமைகின்றன. இவை ஐந்தும் சேர்ந்தால் இன்றைய மோகன இராகத்தின் சுரங்கள் கிடைக்கின்றன. ஆய்ச்சியர் குரவையில் பாடப்படும் முல்லைப்பண்ணை மோகனத்தோடு ஒப்பிடும் அறிஞர் பலர். அக்குரவையில் குரல் மந்தமாகவும், இளி சமனாகவும், துத்தம் வலிவாகவும் நிற்கும்படி பாடும் முறை கூறப்பட்டுள்ளது. தாழ்ந்த நிலையில் சட்ஜம், நடுவில் பஞ்சமம், உயர்ந்த நிலையில் ரிஷபம் என்பது இதன் பொருள். மேலே நாம் கண்ட தாங்கல் கூட்டின் நான்கு சுரங்களுள் மூன்று இவையே. அவற்றின் அடுக்குமுறையும் ஐந்தாம் சுர உறவால் ஆனதே.

இதனைக் கொண்டு பழந்தமிழரிடம் மேலை முறையிலான ஒத்திசை இருந்தது என நிறுவ முயல்வது பொருந்தாது. அம்மூன்று நரம்புகளும் ஒரே நேரத்தில் ஒலித்தனவா, ஒன்றன்பின் ஒன்றாக ஒலித்தனவா என்பது ஆய்வுக்குரியது. நாம் கூற விழைவது அதனினும் சிறியது; ஆயினும் உறுதியானது. எந்தெந்தச் சுரங்கள் உறவுடையன என்னும் கேள்விக்கு ரமோவின் மரபு 'மூன்றாவது' என விடையளித்தது. சிலம்பின் உரைமரபு 'ஐந்தாவதும் நான்காவதும்' என விடையளித்தது. உரைமரபு பகை எனக் கூறும் மூன்றாம் சுரத்தை விலக்கி, நட்பு எனக் கூறும் நான்காம் சுரத்தை ஏற்பதே தாங்கல். எனவே மேலைக் கூட்டுகளுள் தமிழ்ச் சுரஉறவுக் கோட்பாட்டுக்கு மிக அண்மையில் நிற்பது தாங்கல் கூட்டே எனலாம்.

நோட்டுச்சுரமும் தம்புராவும்

மேலை இசையோடு தென்னக இசை கொண்ட தொடர்புக்குச் சிறந்த சான்று முத்துசுவாமி தீட்சிதரின் (1775–1835) நோட்டுச்சுர சாகித்தியங்கள். இளமையில் சென்னையை அடுத்த மணலியில் வாழ்ந்த காலத்தில், புனித ஜார்ஜ் கோட்டையில் கும்பினியாரின் வாத்தியக் குழுவினர் வாசித்த மெட்டுகளைத் தீட்சிதர் கேட்டார் என்பது மரபுச் செய்தி. அம்மெட்டுகளுக்கு அவர் வடமொழியில் சாகித்தியம் இயற்றினார். ஏறத்தாழ நாற்பது உருப்படிகள் இவ்வகையில் அறியப்படுகின்றன. யாவும் சங்கராபரணத்தின் சுரவரிசையில் அமைந்தவை. ஆங்கிலேயரின் அரசவாழ்த்து மெட்டில் அமைந்த 'சந்ததம் பாஹிமாம்' இவற்றுள் ஒன்று. அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வயலினைக் கற்றுத் தென்னக இசைக்கு உரியதாக்கியதும் இச்சூழலிலேயே.

தீட்சிதர் மெட்டை எடுத்துக்கொண்டார், கூட்டுகளை எடுத்துக்கொள்ளவில்லை. வாத்தியக் குழுவில் அம்மெட்டுக்குக் கீழே ச-க-ப, ப-நி-ரி எனக் கூட்டுகள் மாறி மாறி ஒலித்திருக்கும். தென்னக மேடையிலோ அதன்கீழ் ஒலிப்பது தம்புராவின் பஞ்சமமும் சட்ஜமும் மட்டுமே. இதன் விளைவை இசை வரலாற்றாசிரியர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை எனக் கருதுகிறோம். வாத்தியக் குழு பஞ்சமக் கூட்டுக்கு மாறியிருக்கக்கூடிய இடத்தில் மெட்டு ரிஷபத்தில் நின்றால், தம்புராவோடு சேர்ந்து காதில் விழுவது ப, ச, ரி. மத்தியமத்தில் நின்றால் விழுவது ப, ச, ம. நிஷாதத்தில் நிற்கும் கணத்தில் மட்டும் சட்ஜத்தோடு அரைச்சுர மோதல் எழுந்து, அடுத்த கணமே தீர்கிறது. அதாவது, மேலை மெட்டொன்றைத் தம்புராவோடு பாடிய நாள் முதல், பஞ்சமக் கூட்டின் இடத்தில் தாங்கல் ஒலித்துக்கொண்டே வந்திருக்கிறது. எவரும் அதனைத் திட்டமிடவில்லை. ஆதார சட்ஜத்தை நிறுத்த மறுத்த மரபின் ஒழுக்கமே அதனைத் தோற்றுவித்தது.

நோட்டு மரபு பின்னரும் தொடர்ந்தது. மதுரை மணி ஐயர் (1912–1968) பாடிய ஆங்கில நோட்டு, கச்சேரியின் பிற்பகுதியில் இரசிகர்கள் எதிர்பார்த்துக் காத்திருந்த உருப்படியாக விளங்கியது. அங்கும் கூட்டு இல்லை, சுருதி இருந்தது.

இதற்கு மாறான ஒரு நிலையையும் இங்குச் சுட்டவேண்டும். தமிழ்ச் சீர்திருத்தக் கிறித்தவ வழிபாட்டில் மேலை மெட்டுகளில் அமைந்த ஞானப்பாட்டுகளும், தென்னக இராகங்களில் அமைந்த கீர்த்தனைகளும் நெடுங்காலமாக ஒரே கூரையின்கீழ்ப் பாடப்பட்டு வருகின்றன. கீர்த்தனை மரபுக்குத் தஞ்சை வேதநாயக சாத்திரியார் (1774–1864) பெரும்பங்காற்றினார். ஞானப்பாட்டுக்கு நாற்குரல் ஒத்திசை உண்டு. கீர்த்தனைக்குச் சுருதியும் தாளமும் உண்டு. ஒரே அவையோர் இரண்டையும் பாடியும், ஒன்றின் முறை மற்றொன்றைப் பெரிதும் மாற்றிவிடவில்லை. அருகருகே இருத்தல் வேறு. கலத்தல் வேறு என்பதற்கு இது சான்று.

ஆபிரகாம் பண்டிதரும் ஆர்மோனியமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இச்சிக்கல் எழுத்துமுறை வழியாக வந்தது. ஏ. எம். சின்னசாமி முதலியார் 1893-இல் தென்னக உருப்படிகளை ஐரோப்பியச் சுரக்குறிப்பில் வெளியிட்டார். சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' (1904) வெளிவருவதற்கும் அவருடைய தூண்டுதல் துணைநின்றது. ஐந்து கோடுகளில் இராகத்தை எழுதியவுடன், அக்கோடுகளில் எழுதுவதற்கென்றே வளர்ந்த கூட்டுகளும் அதனருகே எழுதப்படலாம் என்னும் எண்ணம் எழுவது இயல்பே.

தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் (1859–1919) இதனை வேறு திசையில் அணுகினார். 1912-இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவி இசை மாநாடுகளைக் கூட்டிய அவர், 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலை வெளியிட்டார். ஆயப்பாலை, வட்டப்பாலை முதலிய பழைய முறைகளை விளக்கி, ச–ப, ச–ம உறவுகளால் சுரங்கள் பிறப்பதையும், தானம் ஒன்று சமபங்குகளாகப் பிரிவதையும் அந்நூல் வற்புறுத்துகிறது. அவருடைய சுருதிக் கணக்கை அனைவரும் ஏற்கவில்லை. ஆயினும் தமிழிசையின் சுரஉறவு ஐந்தாம் சுரத்தொடரில் வேர்கொண்டது என்பதை இருபதாம் நூற்றாண்டு வாசகருக்கு உணர்த்தியதில் அவருக்கும், 'யாழ்நூல்' (1947) தந்த விபுலானந்த அடிகளுக்கும் பெரும்பங்குண்டு.

நடைமுறையில் இச்சந்திப்பின் களமாக அமைந்தது ஆர்மோனியம். ஐரோப்பாவில் தோன்றி, இந்தியாவில் கைத்துருத்தி வடிவம் பெற்ற இக்கருவி தமிழ் நாடக மேடையின் உயிர்நாடியாயிற்று. பல சுரங்களை ஒரே நேரத்தில் ஒலிக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. எனினும் நம் கலைஞர்கள் அவ்வாற்றலைக் கூட்டுகளுக்குப் பயன்படுத்தியதை விட, ஒரு கையால் மெட்டை வாசித்து, சட்ஜ பஞ்சமங்களைச் சுருதியாக நிறுத்தவே மிகுதியும் பயன்படுத்தினர். கமகத்துக்கு இடந்தராத கருவி என்னும் காரணம் முதலியவற்றால் அகில இந்திய வானொலி 1940-இல் ஆர்மோனியத்தைத் தடைசெய்தது. 1971 வரை அத்தடை நீடித்தது. அக்கருத்துப் போரில் ஒன்று மறக்கப்பட்டது. கருவியின் சுரங்கள் அசையாதவை என்பது ஒரு குறை. அச்சுரங்களை எவ்வாறு கூட்டுவது என்பது வேறொரு கேள்வி. முதற்குறையின் பெயரால் இரண்டாம் கேள்வி கேட்கப்படாமலே நின்றது.

திரையிசையில் கூட்டுகள்

அக்கேள்விக்கு விடைதேடும் பொறுப்பு திரையிசையின்மேல் விழுந்தது. சென்னைப் படக்கூடங்களின் வாத்தியக் குழுக்களில் நாகசுரம், வீணை, தபலா ஆகியவற்றோடு பியானோ, கித்தார், வயலின் தொகுதி ஆகியவையும் இடம்பெற்றன. தம்புரா பின்னுக்குச் சென்றது. அதன் இடத்தைக் கீழ்சுரக் கருவிகளும் கூட்டுகளும் பெற்றன. 1976-இல் 'அன்னக்கிளி' வழியாக அறிமுகமான இளையராஜா, மேலை ஒத்திசையை முறையாகக் கற்றவர். 1986-இல் வெளிவந்த அவருடைய 'ஹவ் டு நேம் இட்' என்னும் தொகுப்பு தியாகராசரையும் பாக்கையும் ஒருசேர வணங்குவது. 2005-இல் புடாபெஸ்ட் சிம்பொனிக் குழுவோடு திருவாசகத்தை அவர் இசைத்தார். 2025 மார்ச்சு 8 அன்று இலண்டனில் அவருடைய சிம்பொனி அரங்கேறியது. தீட்சிதர் மெட்டை ஏற்றுக் கூட்டை விட்டார். இருநூறு ஆண்டுகளுக்குள் கூட்டும் தமிழ் இசையறிஞர் ஒருவரின் சொந்த மொழியாகிவிட்டது.

இக்காலத் திரையிசையிலும் பக்தி இசையிலும் சட்ஜத்தை அடியில் விடாது நிறுத்தி, அதன்மேல் கூட்டுகளை மாற்றும் உத்தியைப் பரக்கக் காணலாம். சட்ஜம் அடியில் நிற்கையில் மேலே பஞ்சமக் கூட்டுக்கு நகர்ந்தால் கிடைப்பது தாங்கலின் உறவினமே. தமிழ்ச் செவி அதனை எளிதில் ஏற்கிறது. காரணம், சுருதி நிற்கவில்லை என்பதே.

இராகங்கள் தரும் சான்று

இதுவரை கூறியதை மேளகர்த்தா முறையைக் கொண்டு சோதித்துப் பார்க்கலாம். பஞ்சம ஏழாம் கூட்டுக்கு வேண்டுவன ப, காகலி நி, சதுசுருதி ரி, சுத்த ம. இந்நான்கும் அமைந்த மேளங்கள் 72-இல் ஆறே: 21, 23, 24, 27, 29, 30. தாங்கல் கூட்டுக்கு வேண்டுவன ப, ச, சதுசுருதி ரி, சுத்த ம. இவை 19 முதல் 30 வரையுள்ள பன்னிரண்டு மேளங்களிலும் உள்ளன. கரகரப்பிரியா, நடபைரவி, அரிகாம்போதி ஆகியவற்றில் பஞ்சம ஏழாம் கூட்டுக்கு இடமில்லை; தாங்கலுக்கு இடமுண்டு. மத்தியமத்தை விடுத்து ப, ச, ரி என மூன்று சுரத் தாங்கலாகக் கொண்டால் கல்யாணி முதலிய பிரதிமத்தியம மேளங்களும் சேர்ந்து எண்ணிக்கை 24 ஆகிறது.

ஐந்து சுர இராகங்களில் இவ்வேறுபாடு மேலும் தெளிவாகும். மத்தியமாவதியின் சுரங்கள் ச, ரி, ம, ப, நி. இங்கு நி கைசிகி. இவ்விராகத்துக்கு மேலை முறையில் பழகிய ஒருவர் பஞ்சம ஏழாம் கூட்டை வாசித்தால் காகலி நிஷாதம் அயற்சுரமாக நுழைந்து இராகத்தின் முகம் மாறிவிடும். தாங்கலை வாசித்தால் நான்கு சுரங்களும் இராகத்தின் சொந்தச் சுரங்களே. கச்சேரிகளை மங்களமாக நிறைவுசெய்யும் இராகம் ஒன்று, தன்னுள் இக்கூட்டை முழுமையாகக் கொண்டிருப்பது எண்ணத்தக்கது. சுத்த சாவேரியிலும் இந்நான்கு சுரங்களும் உள்ளன. மோகனத்தில் மத்தியமம் இல்லையாதலால் ப, ச, ரி மட்டும் அமையும். அவை ஆய்ச்சியர் குரவையில் நாம் கண்ட மூன்று சுரங்கள்.

இதற்கு எல்லையும் உண்டு. தொடக்கப் பாடங்களுக்குரிய மாயாமாளவகௌளையில் ரிஷபம் சுத்தமாதலால், பஞ்சமத்தோடு அது ஆறு அரைச்சுர மோதலை உண்டாக்கும். அங்குத் தாங்கல் பொருந்தாது. இந்தோளத்தில் பஞ்சமமும் ரிஷபமும் இல்லாமையால் கூட்டே அமையாது. அதனினும் முதன்மையான எல்லை கமகம். மத்தியமாவதியின் ரிஷபமும் நிஷாதமும் அசைவுடையன. கூட்டிலுள்ள ரிஷபமோ அசையாது நிற்பது. பாடகரின் ரிஷபம் அசையும்போது கருவியின் ரிஷபம் உரக்க நின்றால், இரண்டும் முரணும். கூட்டு மெலிதாகவும், அரிதாக மாறுவதாகவும், சுருதியின் விரிவாகவும் அமைந்தாலன்றி இராகத்துக்குத் துணைசெய்யாது.

ஜார்ஜ் டவுனில் இச்செய்தியின் பயன்

பினாங்கு இசைக்கலப்புக்குப் புதிய இடமன்று. 1786-இல் பிரிட்டிஷ் துறைமுகமான நாள் முதல், தமிழர், மலாய்க்காரர், சீனர், யுரேசியர் ஆகியோரின் இசைகள் ஒரே தெருக்களில் ஒலித்துள்ளன. பினாங்கில் பிறந்த பி. ரம்லி (1929–1973) கீழை மெட்டுகளை மேலை வாத்தியக் குழுவோடு இணைத்து மலாய்த் திரையிசைக்கு வடிவம் தந்தார். அதே மண்ணைச் சேர்ந்த ஜிம்மி பாயில் (1922–1971) ஜாஸ் கூட்டுகளை உள்ளூர் மெட்டுகளுக்கு அணிவித்தார். கீழை மெட்டுக்கு எந்தக் கூட்டுப் பொருந்தும் என்னும் கேள்வி இந்நகரில் ஏட்டளவிலான கேள்வியாக ஒருபோதும் இருந்ததில்லை.

இன்று அக்கேள்வி நம் மாணவர்முன் நிற்கிறது. தேவாரமும் திருப்புகழும் பயிலும் மாணவர் பலர் விசைப்பலகையும் பயில்கின்றனர். பள்ளி விழாக்களிலும் கோவில் மேடைகளிலும் ஒருவர் பாட, மற்றொருவர் கூட்டு வாசிக்கிறார். வாசிப்பவர் தேர்வுக்குக் கற்ற ச-க-ப, ம-த-ச, ப-நி-ரி என்னும் மூன்று கூட்டுகளையே எல்லாப் பாடல்களுக்கும் இடுகிறார். பாடலின் இராகம் மத்தியமாவதியோ மோகனமோ ஆயின், அதில் இல்லாத சுரங்கள் ஒவ்வோர் அடியிலும் புகுகின்றன. கேட்கும் ஆசிரியர் 'இது நம் இசையன்று' என்கிறார். மாணவர் 'நம் இசைக்குக் கூட்டே ஆகாது' என முடிவுகட்டி, ஏதேனும் ஒன்றைக் கைவிடுகிறார். பெரும்பாலும் கைவிடப்படுவது திருப்புகழாக இருக்கிறது.

இவ்விழப்பைத் தவிர்க்க ஆசிரியர் ஒத்திசை முழுவதையும் கற்கவேண்டுவதில்லை. மாணவர் வாசிக்கும் கூட்டைக் குறித்து இரு வினாக்களை எழுப்பினால் போதும். இக்கூட்டின் ஒவ்வொரு சுரமும் இராகத்துக்கு உரியதா? இக்கூட்டு ஒலிக்கையில் ஆதார சட்ஜம் உடன் ஒலிக்க இடமுண்டா? இரண்டாம் வினாவே ப-நி-ரி என்பதைப் ப-ச-ரி என மாற்றத் தூண்டும். ஒரு விரலை நிஷாதத்திலிருந்து அடுத்த கட்டையாகிய சட்ஜத்துக்கு நகர்த்துவதே செய்யவேண்டிய மாற்றம். அவ்விரலை ஏன் நகர்த்தவேண்டும் என்பதை விளக்கும்போது சிலம்பின் கிளையும் நட்பும், தீட்சிதரின் நோட்டும், பண்டிதரின் பாலையும் வகுப்பறைக்குள் வந்துசேர்கின்றன. இலக்கியப் பாடமும் இசைப் பாடமும் ஒன்றையொன்று தாங்க இது வழியாகும்.

முடிவுரை

தமிழிசை மேலை ஒத்திசையை எதிர்கொண்ட வரலாறு, ஏற்றதன் வரலாறோ மறுத்ததன் வரலாறோ மட்டுமன்று. சட்ஜத்தை நிறுத்தாமல் எவ்வளவு ஏற்கலாம் என அளந்து பார்த்ததன் வரலாறும் ஆகும். மெட்டு வந்தபோது சுருதியின்மேல் அது அமர்ந்தது. ஆர்மோனியம் வந்தபோது சுருதிக் கருவியாகவும் அது பணிசெய்தது. கூட்டு வந்தபோது அடியில் சட்ஜத்தை நிறுத்தி அதனை மேலே அமர்த்தும் வழி காணப்பட்டது. தாங்கல் கூட்டு இவ்வொழுக்கத்தோடு பொருந்துவது தற்செயலன்று. ஐந்தாம் சுர உறவை முதன்மையாகக் கொண்ட இசை எதுவும் அதனை அடையாளங்கண்டுகொள்ளும். ஐரோப்பா இக்கூட்டை, இறங்கியே தீரவேண்டிய ஒன்றாகக் கொண்டு தொடங்கி, இறங்காமலும் நிற்கலாம் எனக் காண நானூறு ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. சட்ஜம் இறங்கவேண்டியதில்லை என்பதிலிருந்தே தொடங்கும் நாம், அக்கூட்டை நம் இராகங்களுக்குள் அளந்து பயன்படுத்தத் தயங்கவேண்டியதில்லை. எந்த மேளத்தில், எந்த இராகத்தில், எவ்வளவு நேரம் என்பதை இராகம்தோறும் ஆராய்ந்து பட்டியலிடுவது இத்துறையில் அடுத்துச் செய்யவேண்டிய பணியாகும். அப்பணியை இசைவல்லாரும் தமிழாசிரியரும் சேர்ந்தே செய்தல் வேண்டும்.